லாவெண்டர் சரம்

தூக்கம் வராத புருஷனுக்காகத்தான் கோமளா வீட்டுத் தோட்டத்தில் லாவெண்டர் வளர்த்தாள். தலையணைக்கு அடியில் ஒரு கொத்து வைத்தால் போதும், இடியே விழுந்தாலும் மனிதர் எழ மாட்டார். ஆனால் பூ என்று ஒன்று பூத்துவிட்டால் தலையில் வைக்காமல் விட முடியுமா? காம்பைக் கிள்ளி, நெருக்கமாகத் தொடுத்து, ஒரு முழம் வைத்துக்கொண்டு மலையிறங்கும் பஸ்ஸில் ஏறினாள். டிரைவருக்குப் பின் சீட்.

பக்கத்து சீட்டுக்காரி அவள் தோளில் சாய்ந்தாள். டிக்கெட் கிழித்த கையோடு கண்டக்டர் கம்பியில் சாய்ந்து குறட்டை விட்டார். தினமும் அந்தச் செடியோடு புழங்கிய கோமளாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. விஷயம் உறைத்ததும் சரத்தை உருவி ஜன்னல் வழியே எறியப் போனாள்.

"பூவைப் போய் எறியறீங்களேக்கா! இப்படிக் குடுங்க, சாமிக்கு இன்னிக்குப் பூவே போடல" என்று டிரைவர் கையை நீட்டினார்.

"இது தூக்கம் வர்ற பூ தம்பி."

"சாமி தூங்கட்டும்க்கா. வண்டிய நான்தானே ஓட்டறேன்."

சாமிக்கு என்று கேட்ட பிறகு எப்படி மறுப்பது? கொடுத்தாள். ஸ்டியரிங்குக்கு நேர் மேலே இருந்த படத்தில் அவர் சரத்தை மாட்டினார். முதல் கொண்டை ஊசி வளைவில் ஒரு கொட்டாவி விட்டார்.

"உங்களுக்கு எத்தனை புள்ளைங்க தம்பி?" கோமளா கத்தினாள்.

"ரெண்டுக்கா."

"பேரென்ன?"

"பெரியவ நித்திலா. சின்னவன்..."

அடுத்த வளைவு தெரிந்தது.

"சின்னவன் பேரு தம்பி? சின்னவன் பேரு?"

டிரைவர் தலையைக் குனிந்து யோசித்துக்கொண்டே இருந்தார்.