எல்லாம் முடிஞ்சுது

தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனாரிடமிருந்து செய்தி வந்தது.

“எல்லாம் முடிஞ்சுது அண்ணி. பதறாம மெதுவா வாங்க.”

இரண்டு முறை படித்தேன். போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

என் கணவர் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம். இனி எப்போது வேண்டுமானாலும் என்று டாக்டர் சொல்லியே மூன்று மாதம் ஆகிறது. நான் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அது வந்திருக்கிறது. நானாகவா வெளியே வந்தேன்? முதலில் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள் என்று, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக நாத்தனார்தான் என்னை இந்த அழகு நிலையத்துக்கு அனுப்பிவைத்தாள்.

போதுமா என்று கேட்டாள் எண்ணெய் தேய்க்கிற பெண்.

“இன்னும் கொஞ்ச நேரம் தேய்ங்க” என்றேன்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. இரண்டு வருடமாக ஒரு காதை அவருடைய இருமலுக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தூங்கியவள் நான். அன்று இரண்டு காதும் தூங்கின. நாற்பது நிமிடம். குறட்டை விட்டேனாம், அந்தப் பெண் சிரித்தாள்.

பஸ்ஸில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். வாடகைக் கட்டிலையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் நாளைக்கே எடுத்துப்போகச் சொல்லலாம் என்றுகூட யோசித்தேன். தெருமுனையில் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டேன். தலை வேறு எண்ணெயில் பளபளத்தது.

வாசலில் நாத்தனாரின் செருப்பு மட்டும் கிடந்தது.

உள்ளே அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, சட்டை மாற்றி, பவுடர்கூடப் போட்டிருந்தது. நாத்தனார் ஈரத்துண்டை உதறிக்கொண்டிருந்தாள். குளியல், சாப்பாடு, மாத்திரை, ஊசி, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக முடித்துவிட்ட பெருமை அவளுக்கு.

எனக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. ஆனால் அதற்கு முன்னால், ஒரு நொடி, ஐயோ இன்னும் இருக்கிறாரே என்று இருந்தது. அதை நான் எந்தக் கோயிலில் போய்ச் சொல்ல?

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாருக்கு வாயெல்லாம் பல்.

“ஒரு நாள் போனதுக்கே முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாருண்ணா! அண்ணி, இனிமே வாராவாரம் போயிட்டு வாங்க.”

அவரும் ‘போ’ என்பதுபோல் மெல்லக் கையை அசைத்தார்.