எள்ளு வயல் வழி

“எங்க கண்ணிவெடியைத் தாண்டி எப்படிடா உள்ள வந்த?”

யே லினின் கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கேள்வி கேட்ட ஊர்க்காவல் படைத் தலைவர் சேன் மௌங்கை அவன் ஏற இறங்கப் பார்த்தான்.

“வெற்றிலை இருக்கா, பெரியவரே?”

“திமிரைப் பாரு.” ஆனாலும் ஒன்றை மடித்து அவன் வாயில் வைத்தார்.

போராளிகள் நுழையாமலிருக்க ராணுவம் கொடுத்த வெடிகளை ஊரைச் சுற்றிப் புதைத்தவர்கள் சேன் மௌங்கின் ஆட்கள்தான். புதைத்த இடங்களெல்லாம் அவர்களில் ஒருவனுக்குத்தான் நினைவிருந்தது. அவன் போன மாதம் பனங்கள் போதையில் கிணற்றில் விழுந்து செத்தான். அதன்பின் எள்ளு வயலில் யாரும் கால் வைக்கவில்லை. இன்று காலை இந்தப் போராளி அந்த வயலின் நடுவே நிதானமாக நடந்து வந்து பிடிபட்டான்.

“உளவு பாக்க வந்தியா?”

“துப்பாக்கி எத்தனைன்னு பாக்க வந்தேன். பதினொண்ணு. அதுல மூணு சுடாது.”

“நாலு,” என்றான் காவலுக்கு நின்றவன்.

வீட்டுக்குள் மா சாண்டா அலறினாள். சேன் மௌங்கின் ஒரே மகள். இரண்டு நாளாக வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். டவுனுக்குப் போகும் பாலத்தைப் போராளிகள் தகர்த்திருந்தார்கள்.

“உங்க ஊர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்கல்ல?” சேன் மௌங்கின் குரல் இறங்கியது.

“ராணுவத்துக்கு வேலை செய்ய மாட்டேன்னு ஆஸ்பத்திரியை விட்டு வந்தவங்க. பிடிச்சுக் கொடுத்தா பரிசுன்னு நோட்டீஸ் ஒட்டினது யாரு?”

“நான்தான்.”

யே லின் வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். “என்னைச் சாயங்காலம் ராணுவ முகாமுக்கு அனுப்பப் போறீங்க.”

“அனுப்பல. உங்க ஊருக்கு வேற வழி இல்ல, வயல்ல வழி காட்டு. அந்தப் பக்கம் போனதும் உன்னை விட்டுடறேன். என் பொண்ணு மேல சத்தியம்.”

கட்டை அவிழ்த்தார்கள். மூங்கிலில் தொட்டில் கட்டி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக மா சாண்டாவைத் தூக்கினார்கள்.

“பத்தடி தள்ளியே வாங்க. என் கால் பட்ட இடத்துல மட்டும் கால் வைங்க.”

யே லின் முன்னால் நடந்தான். ஓரிடத்தில் நின்றான். யோசித்தான். இடப்பக்கம் திரும்பினான். சேன் மௌங் ‘நாட்’ என்னும் காவல் தெய்வங்களில் தெரிந்தவர்களையெல்லாம் வேண்டிக்கொண்டே அவன் தடத்தில் நடந்தார். வரப்பு வந்தது. அதைத் தாண்டி ஓடை வந்தது.

மத்தியானம் யே லினின் ஊரில் ஒரு குடிசையிலிருந்து டாக்டரம்மா வெளியே வந்தாள்.

“பேரன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அந்த நோட்டீஸ்ல என் மூக்கு சரியா வரல, பெரியவரே.”

சேன் மௌங் தலை குனிந்தார். பிறகு யே லின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இப்பவாவது சொல்லு, தம்பி. ஒண்ணும் செய்ய மாட்டேன். கிணத்துல விழுந்து செத்தானே, அவன்தான் உனக்கு வழி சொன்னானா?”

“யாரும் சொல்லல. காலையில வந்த தடத்துலயே திரும்பிப் போனேன். அந்த வயல்ல வெடி இருக்குன்னே காலையில நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”