திருப்பிப் போட்ட நாற்காலி

கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சட்டம் குறித்த தூரத்தில், மஞ்சள் நாடாவை உரசியபடி, சிப்பாய்களின் சாவு கடவுள் தந்த தண்டனை என்று சொல்லித் திரியும் ஒரு மதக் கூட்டம் நிற்கிறது. ‘உன் மகன் நரகத்தில்’ என்ற பதாகைகள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மார்ச் காற்றில் படபடக்கின்றன. நாடாவுக்கும் கல்லறைக்கும் நடுவே, மோட்டார் சைக்கிளில் வந்த பழைய சிப்பாய்கள் ஆளுக்கொரு கொடியோடு கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது, கூச்சல் ஏறினால் இன்ஜினை உறுமவிட வேண்டும். அது அவர்கள் வழக்கம். ராணுவ மரியாதைக்கு ஊதும் எக்காளத்துக்காக இன்ஜின்கள் அடங்குகின்றன. எக்காளம் ஓய்ந்ததும் கூட்டத்தின் கேலிப்பாட்டு வந்து, போரில் இறந்த சிப்பாய் கோல்பியின் சவப்பெட்டிமேல் விழுகிறது. அவன் அம்மா மார்லிஸ் சவப்பெட்டியைப் பார்த்தபடி, கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

“இவனுங்கள விரட்டித் தொலைக்கக் கூடாதா?” பழைய சிப்பாய் வெர்லின் பல்லைக் கடிக்கிறார்.

“நாடாவத் தாண்டினாத்தான் நான் கை வைக்க முடியும் பெரியவரே. கத்துறது அவங்க உரிமை,” என்கிறான் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரன்.

“மறுபடி இன்ஜினப் போடட்டுமா, மார்லிஸ்?”

“வேணாம். கத்தட்டும்.”

எழுந்து, மடக்கு நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, பதாகைகளுக்கு நேரெதிரே உட்கார்கிறாள். சவப்பெட்டிமேல் போர்த்தியிருந்த கொடியை முக்கோணமாக மடித்து அவளிடம் கொடுக்க வந்த இளம் ராணுவ அதிகாரி ஒரு கணம் தடுமாறி, சுற்றி வந்து அவள் முன்னே மண்டியிடுகிறான். தாயின் காதுக்கென்றே தாழ்ந்த குரலில் சொல்லும் வாசகம் அது. “நன்றியுள்ள இந்த நாட்டின் சார்பாக…” என்று அவன் தொடங்க, அவன் தோளுக்கு மேலே பதித்த பார்வையை எடுக்காமல் மார்லிஸ் கைகாட்டி நிறுத்துகிறாள்.

“முணுமுணுக்காத தம்பி. எம்புள்ள பேரச் சேத்து சத்தமாச் சொல்லு. வாய் இருக்கிறவங்களுக்குக் காதும் இருக்கும்ல?”