சூரிச்சுக்கு ஒரு பெட்டிசம்

“எழுதும்!” என்று அதட்டினார் கனகசபாபதி.

மேல்வீட்டு ஆங்கில ஆசிரியன் அம்ஹர் மடிக்கணினியைத் திறந்தான்.

சூரிச்சில் வாடகை அறையில் இருக்கும் கனகசபாபதியின் மகன் அருட்செல்வன் காலையில்தான் போனில் அழுதிருந்தான். பிள்ளையார் படத்துக்காகச் சுவரில் ஆணி அடித்தானாம், கடுகு தாளித்தானாம். வீட்டுக்காரன் வெளியேறச் சொல்லிவிட்டான்.

விடுவாரா கனகசபாபதி? பெட்டிசம் என்ற புகார் மனு எழுதியே மூன்று அதிகாரிகளுக்கு இடமாற்றம் வாங்கிக் கொடுத்தவர் என்று மருதனார்மடம் ஊர் முழுக்கப் பேச்சு. ஆங்கிலம்தான் கொஞ்சம் இடித்தது.

“வாடகைக்கு இருக்கிறவனும் மனுசன்தான். எழுதினீரோ?”

“ஓம் ஐயா.”

“கும்பிடுற படத்துக்கு ஒரு ஆணி அடிக்கேலாது, தன்ரை சாப்பாட்டைச் சமைக்கேலாது எண்டால் அது வீடோ, கைதியை அடைக்கிற மறியலோ? இரக்கமில்லாத மிருகம் எண்டு போடும்!”

“மிருகம் எண்டது கொஞ்சம் கூடிப்போச்சு ஐயா.”

“உவனுக்கு என்ன மரியாதை? போடும் எண்டால் போடும்!”

அம்ஹர் போட்டான். அரை மணி நேரத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து இரண்டு கடிதங்களை நீட்டினான்.

“ஏன் ரெண்டு?”

“ஒண்டு சூரிச்சுக்கு. மற்றது தமிழிலை, உங்களுக்கு.”

“எனக்கோ?”

“மக்கா படத்துக்கு ஆணி அடிச்சதுக்கும் மீன் பொரிச்சதுக்கும் உங்கடை மேல்வீட்டிலை இருந்து என்னை எழும்பிப் போகச் சொல்லி நேற்றுக் கத்தினனீங்கள் எல்லோ? அதுதான், பேர்களை மாத்தி எழுதினனான்.”

கனகசபாபதி வாய் திறக்குமுன் அம்ஹர் படியேறத் தொடங்கினான்.

“மிருகத்தை மட்டும் மாத்தேல்லை, ஐயா.”