ஆடிக்கொண்டே இருக்கணும்

மாப்பிள்ளை ஒரு நூலை எடுத்து, கம்ப்யூட்டர் மவுஸை டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டோடு சேர்த்துக் கட்டினார். மறுபக்கம் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி ஜன்னல் கம்பியில் இழுத்துவிட்டார். ஃபேனைப் போட்டார்.

ஃபேன் இடப்பக்கம் திரும்பியது. மவுஸும் கூடவே போனது. வலப்பக்கம் திரும்பியது. மவுஸும் வந்தது. திரையில் அம்புக்குறி ஜோராக உலாத்திக்கொண்டிருந்தது.

"இனி ஆபீஸ் உன் பாடு" என்று ஃபேனைத் தட்டிக்கொடுத்துவிட்டு மாமியாரின் அறைக்குப் போனார்.

துவைக்கிற மிஷின் ஓடவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது என்று புகார் எழுதுகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுவது அவர் வேலை. கை வேகமானவர். மற்றவர்கள் சாயங்காலம் வரை இழுப்பதை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார். ஆனால், முடித்ததெல்லாம் கணக்கில் வராது. ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் கணக்கு. மவுஸ் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் அவர் பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும். கம்பெனி புதிதாகப் போட்டிருக்கும் ஏற்பாடு. அடிக்கடி எரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். ஏற்கெனவே இரண்டு பேருக்குக் கிழிந்திருந்தது.

"எழுந்திருங்க அத்தை. நடக்கற நேரம்."

"இன்னிக்கு வேண்டாம் மாப்பிள்ளை. நேத்து நடந்ததே போதும்."

"நேத்து சாப்பிட்டது போதும்னு இன்னிக்குச் சாப்பிடாம இருந்தீங்களா?"

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். 'தினம் நடக்கணும். விட்டுட்டா அப்புறம் கட்டிலே கதி' என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மனைவிக்குப் பகலெல்லாம் ஆலையில் வேலை. ஆகவே மாப்பிள்ளை, மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து கூட்டிப்போனார்.

"எனக்கு வேர்த்து ஊத்துது. என் ஃபேனைத் தூக்கிட்டுப் போய் அங்க என்ன பண்றீங்க?"

"மவுஸுக்கு வச்சிருக்கேன் அத்தை."

"அப்படின்னா?"

"எலி."

மாமியார் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

அழைப்பு மணி அடித்தது. மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். தோளில் பையோடு ஒரு அம்மாள். எங்கேயோ பார்த்த முகம்.

"யார் வேணும்?"

"நீங்கதான்."

குரலைக் கேட்டதும் மாப்பிள்ளைக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஆபீஸில் அவருக்கு மேலே இருக்கிற மேடம்! இதுவரை திரையில் கழுத்துக்கு மேலேதான் பார்த்திருக்கிறார். அவருக்குக் கால் உண்டு என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. காலை மீட்டிங்கில்கூட, 'கம்ப்யூட்டரை ஏமாத்தலாம், மனசாட்சியை ஏமாத்த முடியுமா?' என்று எல்லோரையும் காய்ச்சி எடுத்தவர்.

"வாங்க மேடம்... இல்ல, இங்கேயே நின்னு பேசலாமே. வாசல்ல நல்லா காத்து வருது."

"ஏன், உள்ளே ஃபேன் இல்லையா?"

"இருக்கு மேடம். ரிப்பேர்."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கணீரென்று வந்தது. "மாப்பிள்ளை! மனுஷி இங்க வெந்துபோறேன், எலிக்கு எதுக்குக் காத்து? ஃபேனைக் கொண்டாங்க!"

"வீட்ல எலித் தொல்லை மேடம்" என்றார் மாப்பிள்ளை.

மேடம் அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மவுஸ் போவதையும் வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"அத்தை விழுந்ததிலிருந்து. இன்னிக்கு வேலையை முழுக்க முடிச்சுட்டேன் மேடம். ஒரு மெயில் பாக்கி இருந்தா என்னன்னு கேளுங்க. இவங்களை நடக்கவைக்கிற நேரத்துக்கு மட்டும்தான்..."

"சம்பளம் வாங்கறது நீங்க. வேலை பார்க்கறது ஃபேனா?"

"மேடம், இந்த வேலை போச்சுன்னா..."

"யாரும்மா நீ?" மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றுவிட்டார். "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாதே! கொஞ்சம் புத்தி குழம்பித்தான் இருக்கு. எலிக்கெல்லாம் காத்து வாங்கித் தரார். ஆனா தங்கமான மனுஷன்."

மேடம் ஃபேனை நிறுத்தினார். மவுஸ் நின்றது. மாப்பிள்ளைக்கு மூச்சும் நின்றது.

"உங்க போனை அணைங்க."

அணைத்தார். மேடம் தன் போனையும் அணைத்துப் பைக்குள் போட்டார். பிறகு கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நூலைப் பிரித்துவிட்டு, மவுஸைத் தன் கையாலேயே அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்.

"ஃபேன் ஒரே தாளத்துல போயிட்டுப் போயிட்டு வருது. மனுஷன் கை அப்படி ஆடுமா? நாளையிலிருந்து கம்பெனியில தாளத்தையும் கண்டுபிடிக்கப் போறாங்க. உங்க கணக்குல அது இப்பவே தெரியுது, முதல்ல மாட்டறது நீங்கதான். போன்ல சொன்னா அதுவும் பதிவாகும், மெயில் போட்டா அதுவும் பதிவாகும். அதான் நேர்லயே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். சட்டென்று இன்னொரு கவலை வந்துவிட்டது.

"மேடம், ஆபீஸ் நேரத்துல கிளம்பி வந்துட்டீங்களே! உங்க பேருக்கு நேரே சிவப்பு விளக்கு எரியாதா?"

"எரியாது" என்றார் மேடம், பையை எடுத்து மாட்டிக்கொண்டே. "என் மவுஸை எங்க வீட்டுப் பூனைகிட்ட விளையாடக் குடுத்துட்டு வந்திருக்கேன். அது ஒரே தாளத்துல ஆடவே ஆடாது."