மெலிஞ்சுபோன கம்பி

"நான் எடுக்கலம்மா. என் புள்ள மேல சத்தியமா எடுக்கல."

லேப் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாரு. நிக்கல் மேடம் அசரல. புகார் குடுத்ததே அவதான்.

"சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. பிளாட்டினம் கம்பி வாராவாரம் மெலியுது. அப்ப பேயா வந்து சுரண்டுது?"

அன்னிக்கே புரொபசர் அண்ணனை வேலையை விட்டு அனுப்பிட்டாரு.

'நிக்கல் மேடம்'ங்கிறது லேப்ல வச்ச பட்டப்பேர். தண்ணியில கரண்ட் விட்டு ஹைட்ரஜன் பிரிக்கணும்னா, எல்லாரும் விலை கூடின பிளாட்டினத்தைக் கட்டிக்கிட்டு அழுவாங்க. இவ சல்லிசான நிக்கல் தகட்டை வச்சே சாதிச்சுட்டா! பிளாட்டினம் சும்மா எதிர்முனைக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். அதிசயம் என்னன்னா, நாளாக ஆக தகடு இன்னும் ஜோரா வேலை செஞ்சுது. புரொபசருக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. அடுத்த மாசம் பெரிய கம்பெனிக்காரங்க பாக்க வர்றதா இருந்துச்சு.

ஆனா அண்ணன் போனப்புறமும் கம்பி மெலிஞ்சுது.

புதுப் பூட்டு போட்டு, சாவியைத் தானே வச்சுக்கிட்டா. மெலிஞ்சுது.

கேமரா வச்சா. படத்துல ஈ காக்கா இல்ல. குமிழி மட்டும் விடாம வந்துக்கிட்டே இருந்துச்சு, தண்ணிக்கடியில யாரோ மூச்சு விடுற மாதிரி.

கம்பி எலும்பும் தோலுமா நின்னுச்சு. எதிர்ல அவ தகடு, தின்னு கொழுத்த மாதிரி பளபளன்னு.

 தகட்டைக் கொண்டுபோய் சோதிக்கிற மெஷின்ல வச்சா.

மேல பூரா பிளாட்டினம்!

கம்பி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, தண்ணி வழியா வந்து, தகடு மேல அப்பிக்கிட்டிருக்கு. இத்தனை நாளா வேலை செஞ்சது அவ நிக்கலே இல்ல.

புரொபசர் ரூமுக்கு ஓடினா.

"சார், திருடன் மாட்டிக்கிட்டான்! அண்ணன் போனப்புறமும் கம்பி மெலிஞ்சுக்கிட்டே இருக்கு, தின்னது என் தகடுதான் சார்! பாவம் அண்ணன், உடனே திரும்பக் கூப்பிடுங்க. நாளைக்கு வர்ற கம்பெனிக்காரங்ககிட்டயும் உண்மையச் சொல்லிடலாம்..."

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினா.

"எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். கம்பி ஏன் மெலியுதுன்னு நாலு பேர் தோண்ட ஆரம்பிச்சா, தகட்டுலதான் வந்து நிப்பாங்க. திருடன்னு ஒரு ஆளைக் காட்டிட்டா, யாரு தோண்டப்போறா?"

"சார், நான் சொல்லத்தான் போறேன்."

புரொபசர் டீயை நிதானமா ஊதினாரு.

"தாராளமா சொல்லும்மா. ஆமா, கம்பி இன்னும் மெலிஞ்சிருக்குன்னியே... சாவி இப்ப உன்கிட்ட மட்டும்தானே இருக்கு?"