கவிழ்த்த தட்டு

மைக்ரோஸ்கோப்பின் விளக்கைப் போட அவனுக்குக் கை வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"பச்சை எனக்கு எடுப்பா இருக்காதுன்னு எத்தனை தடவைடா சொல்றது? அதுவும் முன்னாடி பட்டன் வெச்சது! கடைக்குப் போய் மாத்திட்டு வா."

பிறந்தநாளுக்கு அவன் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர், மடிப்புக் கலையாமல் அவள் மடியில் கிடந்தது. லேபின் ஏசி குளிரில் அவளுக்குப் பற்கள் தந்தியடித்தன. பிடிவாதம் மட்டும் தளரவில்லை.

"சும்மா இரு அக்கா. நானே பதறிக்கிட்டு இருக்கேன்."

லென்ஸுக்கு அடியில் இருந்தது கடைசித் தட்டு.

உள்ளங்கையில் அடங்கும் தட்டு. அதன் அடியில் ஒட்டி வளர்ந்த தசைச் செல்கள். அவற்றில் ஒரு மரபணு பழுது. நல்லதை உள்ளே அனுப்ப வேண்டும். செல் லேசில் கதவைத் திறக்காது.

அதற்குத்தான் நுண்குமிழிகள். அவை செல்லை உரசி நிற்கும்போது அல்ட்ராசவுண்ட் அலையைப் பாய்ச்சினால் துள்ளி வெடிக்கும். செல்லின் சவ்வில் குட்டித் துளை விழும். அது மூடிக்கொள்வதற்குள் மரபணு உள்ளே நழுவிவிட வேண்டும்.

பேப்பரில் எல்லாம் பிரமாதம். தட்டில் ஒவ்வொரு முறையும் பூஜ்யம்.

வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. சோப்பு நுரை மேலே மிதந்தது. கசடு அடியில் கிடந்தது.

அட மடையா!

குமிழியும் மேலேதானே மிதக்கும்? செல் கிடப்பது அடியில். இரண்டும் சந்தித்தால்தானே!

நேற்று தட்டை விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு அலையைப் பாய்ச்சினான்.

மரபணுவோடு ஒளிரும் அடையாளம் ஒன்றையும் கோத்திருந்தான்; அது போய்ச் சேர்ந்த செல் பச்சையாக ஒளிரும். ஒளிராவிட்டால், செல்லைத் தந்தவரிடம் மறுபடி, தசையைக் கிள்ளி எடுக்கும் அந்தத் தடித்த ஊசியோடு போய் நிற்க வேண்டும். அதற்கு அவனுக்குத் தெம்பில்லை.

விளக்கைப் போட்டான்.

குனிந்தான்.

நிமிரவே இல்லை.

"என்னடா, ஊத்திக்கிச்சா?"

அவளைச் சக்கர நாற்காலியோடு தள்ளிவந்து லென்ஸ் முன்னால் நிறுத்தினான்.

லென்ஸுக்குள் தெரிந்த கும்மிருட்டில், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். அவள் விரல்கள் தாமாக நகர்ந்து, தொடையில் ஊசி குத்திய தழும்பைத் தடவின.

"பச்சை எனக்கு எடுப்பாத்தான்டா இருக்கு. அந்த ஸ்வெட்டரை மாட்டி விடு."

தோளுக்கு மேல் உயராத அந்தக் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தான். பட்டன்களைப் போட்டான்.

எல்லாவற்றையும் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். கண் சரியாகத் தெரியவில்லை.